கப்பல்களை அழித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் எழுதியிருந்தார். குடும்பத்தோடு நம் சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் படமெடுக்கப் போனாராம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கப்பல். கடலைக் காணோம், கப்பல் நிறுத்துமிடம்தான் இருக்கிறது என்று நொந்துபோய், டிசம்பர் விடுமுறைக்கு மாலத்தீவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாராம். போய் வரட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கடைசி வரியில், கைப்பேசியில் ஒரு தட்டுத் தட்டி அந்தக் கப்பல்களைப் படத்திலிருந்து எப்படி அழிப்பது என்று மற்றவர்களுக்கும் யோசனை சொல்லியிருந்தார் பாருங்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் ஈசூன்வாசி. செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் 38 வருடம் வேலை பார்த்து 2018இல் ஓய்வு பெற்றேன். அப்பா அதற்கு முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில், அதே செம்பவாங்கில் கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர். நான் ஓய்வு பெற்றபோது பட்டறை நண்பர்கள் சேர்ந்து கைக்கடிகாரம் வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். நேரம் பார்த்தது போதும், கேமரா வாங்கிக் கொடுங்கள் என்றேன். அந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு அன்றிலிருந்து இந்தத் தீவின் ஓரங்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். சாங்கி, பாசிர் ரிஸ், பொங்கோல், லாப்ரடார், புலாவ் உபின் என்று ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. பேசாமல் கடலோரக் காவல் படையில் சேர்ந்திருக்கலாம், சம்பளமாவது வந்திருக்கும் என்பாள் மனைவி.

கப்பலை அடியிலிருந்து பார்த்தவன் நான். கப்பலைப் பழுதுபார்க்கும் டாக்கில் தண்ணீரை வெளியேற்றிய பிறகு, அதன் வயிற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பெரிய கோபுரத்தின் அடியில் நிற்பது போல இருக்கும். அதனால் எனக்குக் கொஞ்சம் பாசம் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வாசகரை ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட்டுக்குக் கூட்டிப்போக ஆசை. (பூமத்திய ரேகையிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறோம். வருடம் முழுக்க ஏறத்தாழ ஏழு மணிக்குத்தான் சூரியன் எழும். 1982 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து நம் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டதில், படமெடுப்பவர்களுக்கு அரை மணித் தூக்கம் லாபம்.)

போய் நின்று பாருங்கள். சரக்கை இறக்கிவிட்ட கப்பல் தண்ணீரில் உயர்ந்து நிற்கும், இடுப்புக்குக் கீழே உள்ள சிவப்புச் சாயம் வெளியே தெரியும். பாரம் ஏற்றியது கழுத்தளவு தண்ணீரில் அமுங்கி நிற்கும், சிவப்பு கண்ணில் படாது. அந்தச் சிவப்பு அழகுக்காகப் பூசியதல்ல. பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசுவது. அதைச் சுரண்டி மறுபடி பூசிய கைகளில் என் கையும் ஒன்று. நங்கூரமிட்ட கப்பலின் முன்பக்கத்தில் பகல் நேரத்தில் கறுப்பாக ஒரு பந்து தொங்கும். நான் நின்றுகொண்டிருக்கிறேன், வந்து இடித்துவிடாதே என்று மற்றக் கப்பல்களுக்குச் சொல்லும் சைகை அது. நல்ல லென்ஸ் இருந்தால் அந்தப் பந்தையும் பிடிக்கலாம்.

எனக்குப் பிடித்த நேரம் ஒன்று உண்டு. நங்கூரமிட்ட கப்பல்கள் எல்லாம் நீரோட்டம் வரும் திசைக்கு மூக்கைக் காட்டிக்கொண்டு ஒரே வரிசையாக நிற்கும். ஓட்டம் ஓய்ந்து, திரும்பப்போகும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மட்டும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும், கல்யாண வீட்டில் குழுப்படத்துக்கு நிற்கச் சொன்ன சொந்தக்காரர்கள் மாதிரி. அப்புறம் ஒன்றொன்றாகத் திரும்பி, அத்தனையும் மறுபக்கம் பார்த்து வரிசையாகிவிடும். கேமராவை டிரைபாடில் வைத்துவிட்டு, பிளாஸ்கில் இருக்கும் தேநீரை ஊற்றிக் குடித்துக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாலத்தீவில் இது கிடைக்குமா என்று தெரியவில்லை.

சரி, பாசத்தை ஓரமாக வைப்போம். அழிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. இந்தக் கடிதத்தோடு ஒரு பழைய படத்தை வைத்திருக்கிறேன்.

1970, தீபாவளிக்கு மறுநாள். எனக்கு ஒன்பது வயது. மாமா ஒருவர் ஏற்பாடு செய்த லாரியில் நாலைந்து குடும்பங்கள் ஏறி, முறுக்கும் புளிச்சோறும் கட்டிக்கொண்டு தானா மேரா கடற்கரைக்குப் போனோம். சித்தப்பாவிடம் யாஷிகா கேமரா ஒன்று இருந்தது. எங்களை வரிசையாக நிற்க வைத்துவிட்டு அதற்குள் குனிந்து பார்த்தவர், "பின்னால் அந்தச் சனியன் நிற்கிறதே" என்றார். சனியன் என்று அவர் சொன்னது கெலோங்கை.

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கடலுக்குள் நிபோங் பனைக் கம்பங்களை வேலி போல நீளமாக நட்டிருப்பார்கள். வேலியோரமாக நீந்தி வரும் மீன் தானாகவே வலை இருக்கும் இடத்துக்குள் போய்விடும். வலைக்கு மேலே கம்பங்களின் மீது ஒரு குடிசை இருக்கும், ஆட்கள் அங்கேயே தங்குவார்கள். அப்போது தீவின் கரையோரம் எங்கே பார்த்தாலும் கெலோங்தான், இன்றைக்குக் கப்பல் மாதிரி. சித்தப்பாவுக்கு அது படத்தைக் கெடுப்பதாகப்பட்டது. அம்மாவின் தலைக்குப் பின்னால் அதை மறைக்கலாம் என்று எங்களை இடது பக்கம் தள்ளினார், அவரும் நகர்ந்தார், கேமராவைச் சாய்த்தார். படம் கழுவி வந்தபோது பார்த்தால் அம்மா இருக்கிறார், டிபன் கேரியரோடு அக்கா இருக்கிறார், அரைக்கால் சட்டையோடு நான் இருக்கிறேன். அப்பாவின் தலை இல்லை. கெலோங் மட்டும் குடிசை, கம்பம் என்று குறையில்லாமல் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

வீட்டில் அந்தப் படத்தைச் சொல்லிச் சொல்லிச் சித்தப்பாவைக் கேலி செய்யாத தீபாவளி இல்லை. அவர் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது எடுத்துப் பார்க்கும்போதுதான் புரிகிறது. அப்பாவின் முகம் வேறு பத்துப் படங்களில் இருக்கிறது. அந்தக் கெலோங் வேறெதிலும் இல்லை. அந்தக் கரையும் இல்லை. 1975இல் சாங்கியில் விமான நிலையத்துக்காக, கடலில் மண் கொட்டி நிலமாக்கும் நிலமீட்பு தொடங்கியது, 1981இல் விமானங்கள் இறங்க ஆரம்பித்தன. இரண்டு வருடத்துக்கு முன்னால் பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் நின்ற இடத்தைத் தேடிப் போனேன். கணக்குப் பார்த்தால் விமான நிலைய வேலிக்கு உட்புறம் எங்கேயோ வருகிறது. வேலிக்கு வெளியே நின்று ஒரு விமானத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்பினேன்.

நம் ஊரில் கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. 1960களில் 580 சதுர கிலோமீட்டர் அளவில் இருந்த நாடு இன்றைக்கு 730ஐத் தாண்டிவிட்டது. தெலுக் ஆயர் தெருவில் இருக்கும் நாகூர் தர்காவைப் பாருங்கள். 1828க்கும் 1830க்கும் இடையில் நம் தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. பத்திரமாகக் கடல் தாண்டி வந்தவர்கள் இறங்கியதும் நன்றி சொல்ல, கடலைப் பார்த்து எழுப்பிய இடம். இன்றைக்கு அதன் வாசலில் நின்றால் எதிரே வானுயரக் கட்டடங்கள்தான். தெலுக் என்றால் வளைகுடா. பீச் ரோட்டில் பீச் கிடையாது. நீண்ட மணல் என்று பொருள்படும் பாசிர் பாஞ்சாங்கில் கொள்கலன் முனையம். மணல் போய்விட்டது, பெயர் மட்டும் பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறது.

அந்த வாசகர் நின்றுகொண்டு அலுத்துக்கொண்ட ஈஸ்ட் கோஸ்ட் மட்டும் என்னவாம்? 1966இல் தொடங்கி இருபது வருடம் போல நடந்த நிலமீட்பில் உருவானது. பிடோக், தெம்பனிஸ் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் கடலுக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். அலை அரித்துவிடாமல் இருக்கக் கல்லை அடுக்கி அணை கட்டி, இடையிடையே பிறை போல வளைந்த கரைகளை அமைத்தார்கள். அதற்கும் மேலே சவுக்கு, தென்னை. ஆக, அவர் நின்ற மணலைவிட எதிரே நின்ற கப்பல்கள்தான் மூத்த குடி. இயற்கையைக் கெடுப்பதாகக் கப்பலை அழித்தால், நியாயத்துக்கு மணலையும் அல்லவா அழிக்க வேண்டும்?

இன்னொன்று. 2023 நவம்பரில் அறிவித்தார்களே, லாங் ஐலண்ட் திட்டம், நினைவிருக்கிறதா? ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு எதிரே கடலில் ஏறத்தாழ 800 ஹெக்டர் நிலத்தை மீட்கப்போகிறார்கள். இந்த நூற்றாண்டு முடிவதற்குள் நம்மைச் சுற்றியுள்ள கடல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று கணித்திருக்கிறார்கள். தாழ்வான அந்தப் பக்கத்தை எப்படியாவது காப்பாற்றியாக வேண்டும், திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது முடிந்தால், இப்போதைய கரைக்கும் புது நிலத்துக்கும் நடுவில் நீர்த்தேக்கம் வரும். இன்றைக்கு நாம் உட்கார்ந்து சாத்தே சாப்பிடும் இடத்திலிருந்து பார்த்தால் ஏரியும் அதற்கப்பால் மேடும்தான் தெரியும். கப்பல்கள் வரிசையாக நிற்கும் இந்தத் தொடுவானம் இந்தக் கரையிலிருந்து தெரியாது. கெலோங் போனது போல இதுவும் போய்விடும். அந்த வாசகரின் பேரப்பிள்ளைகள் படத்தைப் பார்த்து, தாத்தா எந்த ஊரில் நிற்கிறார் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கப்பல் இல்லாத கடலும் தென்னையும் எந்த ஊரிலும் கிடைக்கும்.

கப்பலால் தொல்லையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் எரிபொருள் கப்பல் ஒன்றின் மீது வேறொரு கப்பல் மோதி, 400 டன் அளவுக்கு எண்ணெய் கடலில் கொட்டியதே. ஈஸ்ட் கோஸ்ட், செந்தோசா, லாப்ரடார் எல்லாம் கறுத்துப்போயின. நானும் கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் வெள்ளை உடுப்புப் போட்ட ஊழியர்கள் மணலை அள்ளி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் அந்த உடுப்புக்குள் என்ன பாடு பட்டிருப்பார்களோ. இடைவேளையில் ஓரமாக வந்து உட்கார்ந்த ஒரு தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். அறந்தாங்கிப் பக்கமாம். "எங்க ஊர்க் கடல்லயும் கப்பல் தெரியும் அண்ணே, ஆனா ரொம்ப தூரத்துல போகும். இங்கதான் வாசல்லயே நிக்குது" என்றான். வாசலில் நிற்பதற்கு நாம் கொடுத்த விலை அந்தக் கறுப்பு மணல். அந்தப் படங்களை நான் யாருக்கும் அனுப்பவில்லை, ஆனால் அழிக்கவும் இல்லை.

நடுவில் ஒரு சொந்தக் கதை. ஒரு சமூக மன்றத்தில் 'நம் தீவின் அழகு' என்று படக் கண்காட்சி வைத்தார்கள். கப்பல்கள் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிற்கும் படம் ஒன்றைக் கொடுத்தேன். பொறுப்பில் இருந்தவர் நல்ல மனிதர்தான். "ஐயா, வானம் அருமை. தொடுவானத்தை மட்டும் சுத்தம் செய்து கொடுங்களேன்" என்றார். சுத்தமாம்! வீட்டுக்கு வந்து பேத்தியிடம் சொன்னேன். "அவ்வளவுதானே தாத்தா" என்று என் கைப்பேசியை வாங்கி, விரலால் தேய்த்தாள். ஒரு கப்பல் போயிற்று, இன்னொன்று போயிற்று. அங்கெல்லாம் அலை தானாக முளைத்தது. உற்றுப் பார்த்தால் கப்பல்தான் போயிருந்தது, அதன் நிழல் தண்ணீரில் அப்படியே மிதந்தது. "நிழலையும் எடுக்கவா?" என்றாள். வேண்டாம் என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டேன். கண்காட்சிக்கு வேறு படம் கொடுத்தேன், ஒரு குரங்குப் படம். அதற்கு ஆறுதல் பரிசு கிடைத்தது.

அப்பா 1951இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த கூட்டத்தில் ஒருவர். இந்தத் தீவை அவர் முதன்முதலில் பார்த்தது கடலிலிருந்துதான். உடனே இறங்கவும் விடவில்லையாம். நோய் நொடி இருக்கிறதா என்று பார்க்க, செயின்ட் ஜான்ஸ் தீவில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்களாம். அன்றைக்குக் கரையில் நின்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் கடலைப் படமெடுத்திருந்தால், தூரத்தில் புள்ளியாக அப்பா வந்த கப்பலும் அதில் விழுந்திருக்கும். படத்துக்கு இடைஞ்சலாக.

அந்த வாசகருக்குக் கப்பல் இல்லாத கரைதான் வேண்டுமென்றால் அதற்கும் வழி சொல்கிறேன். நீர் நன்றாக வற்றும் நாளைப் பார்த்துக்கொண்டு சாங்கியிலிருந்து பம்போட் என்னும் சிறு படகு பிடித்து உபின் தீவுக்குப் போங்கள். அங்கே செக் ஜாவாவில் கடல் பின்வாங்கியதும் கடற்புல்லும் நட்சத்திர மீனும் வெளியே வரும். அந்த இடத்தையும் மண் போட்டு மூடத்தான் இருந்தார்கள். நீர் வற்றிய நாட்களில் மக்கள் போய்ப் பார்த்து, படமெடுத்து, மனு எழுதி, 2001 டிசம்பரில் அந்த வேலையை அரசாங்கம் தள்ளிப்போட்டது. திரும்பி வரும்போது சாங்கி மணலில் குனிந்து பாருங்கள். ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலையோடு, ஊதாப் பூ பூத்து ஒரு கொடி படர்ந்திருக்கும். அதுதான் அடும்பு. நெய்தல் திணை நடத்திய வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்ட பெயர். அதை நேரில் காட்டாமல் மனப்பாடம் செய்யச் சொன்னாரே என்று எனக்கு இப்போதும் வருத்தம். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் பூ வாடிவிடும். மேற்கே கறுத்துக்கொண்டு சுமத்ராக் காற்று வந்தால் கேமராவை முதலில் பைக்குள் போடுங்கள், உங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் லென்ஸை ஈரம் புகாத பெட்டியில் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்து நான் ஒரு லென்ஸை இழந்திருக்கிறேன்.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. மாதம் ஒருமுறை, அரைப் பக்கம் போதும், வாசகர்களின் பழைய கடற்கரைக் குடும்பப் படங்களைப் போடுங்கள். வீடு மாறும்போதும் பெரியவர்கள் இறந்த பிறகும் ஆல்பங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் குப்பையோடு கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். மனிதர்களின் பெயர்கூட வேண்டாம். எந்த இடம், எந்த வருடம், பின்னால் தெரிவது என்ன என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். பின்னால் ஒரு கெலோங், ஒரு தோணி, அரைகுறையாக ஒரு படகுத்துறை எதுவாவது இருக்கும். இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தொடக்கமாக என் படத்தை அனுப்பியிருக்கிறேன். பிரதி கிடையாது, நெகட்டிவும் இல்லை, தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். "தானா மேரா, தீபாவளி மறுநாள், 1970" என்று அம்மா பென்சிலில் எழுதியது அங்கே இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் யாராவது இளைஞர், கணினியில் அப்பாவுக்கு ஒரு தலை வைத்துத் தருகிறேன் என்று கிளம்பினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பட்டறை ஊழியர்,
ஈசூன்